போத்தலில் தொடங்கும் சோதனை

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். சத்திரசிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்க்கத் தயாராக்குவது என் பொறுப்பு. நோயாளியின் முகம் பெரும்பாலும் தெரியாது; போத்தலில் ஒட்டிய பெயர்தான் தெரியும். ஆனாலும் நோர்வூட், மஸ்கெலியா, ராகலை என்று முகவரியைப் பார்த்ததும் மனது அங்கே போய்விடும். நானும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான்.

மார்பகப் புற்றுநோய் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் இன்றைக்கு வைத்தியருக்குப் போதாது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டா, புரோஜெஸ்டரோன் ஏற்பி உண்டா, ஹெர்-2 கூடுதலா என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். ஏற்பி என்பது புற்றுநோய்க் கலத்தில் ஹோர்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் புரதம். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு கட்டிகளுக்கு இந்த மூன்று பதில்களும் வேறாக இருக்கலாம், மருந்தும் வேறாகிவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தால் தமொக்சிஃபென் போன்ற ஒரு மாத்திரையைத் தினமும், குறைந்தது 5 வருடம் எடுக்க வேண்டும். ஹெர்-2 என்பது 17ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள மரபணு. மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 சதவீதத்தில் அதன் பிரதிகள் பெருகி, கலத்தின் மேற்பரப்பில் அந்தப் புரதம் நிறைந்துவிடுகிறது. முன்பு இது கெட்ட செய்தி. 1998இல் அமெரிக்காவில், ஹெர்-2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அனுமதி பெற்ற பிறகு, அந்த நோயைத் தாக்கும் வழியே ஹெர்-2தான் என்றானது. ஹெர்-2 சாயம் கூடுதல் என்றோ இல்லை என்றோ தெளிவாகச் சொல்லாமல் 2+ என்ற நடுப் புள்ளியில் நின்றால், மரபணுப் பிரதிகளையே எண்ணிப் பார்க்கும் இன்னொரு சோதனைக்கு அனுப்புவோம்.

இவ்வளவு நுட்பமான பதிலும் ஒரு போத்தலில்தான் தொடங்குகிறது. வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள், அதைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபோர்மலின் திரவத்துக்குள் போக வேண்டும். ஃபோர்மலின் திசுவைப்போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் அதில் ஊற வேண்டும். ஃபோர்மலின் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். முழு மார்பையும் கீறாமல் அப்படியே போட்டுவிட்டால், ஓரம் பதப்பட்டிருக்கும், நடுவிலிருக்கும் கட்டி அழுகத் தொடங்கியிருக்கும்.

மலைநாட்டில் இந்தக் கணக்கு எப்படிக் குழம்பும் என்று எங்களுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரம் சத்திரசிகிச்சை. அப்புறம் சனி, ஞாயிறு. திங்கள் போயா, பௌர்ணமி விடுமுறை. செவ்வாய்க்கிழமை கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடல். வாய் குறுகிய போத்தலில் திணித்த திசு ஒருநாள் என் மேசைக்கு வந்தது, ஃபோர்மலின் பாதிகூட இல்லை. அதற்குச் சாயமேற்றினால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 'இல்லை' என்று காட்டக்கூடும். உண்மையிலேயே இல்லையா, திசு கெட்டதால் தெரியவில்லையா? அந்த ஒரு சொல்லை நம்பி எழுதினால், ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய ஐந்து வருட மாத்திரை கிடைக்காமலே போகும். அதனால்தான், ஊசியால் முதலில் எடுக்கும் சிறு துண்டிலேயே இந்தச் சோதனைகளைச் செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சிறிய துண்டு சீக்கிரம் பதப்படும். போத்தலில் திசு எடுத்த நேரத்தையும் ஃபோர்மலினில் போட்ட நேரத்தையும் எழுதச் சொல்கிறேன். ஒரு சத்திரசிகிச்சைக்கூடத்தில் இதைத் தவறாமல் எழுதுவது அங்குள்ள சிற்றூழியர் ஒருவர். அவர் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதி.

தமிழ் பேச ஆள் இல்லாதபோது கிளினிக்கிலிருந்தும் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று டொக்டர் கேட்டதற்கு, ஓர் அம்மா இல்லையென்று தலையாட்டியிருந்தார். நான் உட்கார்ந்து, "அம்மா, அப்பா கூடப்பொறந்தவங்க யாராச்சும் கட்டி வந்து தவறியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"அத்தைக்கு வயித்துல கட்டி வந்துச்சு தம்பி. சின்னத்தைக்கு மார்ல புண்ணு, ஆறவே இல்ல. கான்சர்னு யாரும் சொல்லல."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அந்த வயிற்றுக் கட்டி சூலகத்தில் வந்ததாக இருந்தால், மார்பும் சூலகமும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவது, பரம்பரையாக இறங்கும் பிரக்கா (BRCA) மரபணு மாற்றத்தின் அடையாளமாக இருக்கலாம். பிரக்கா-1ஐ 1994இலும் பிரக்கா-2ஐ 1995இலும் பிரித்தறிந்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. தகப்பன் வழியாகவும் அதே அளவுதான். பெண்களின் நோய் என்பதால் அப்பா பக்கத்தை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும், அதுவும் கட்டி, புண், வீக்கம் என்று அவர்கள் பேச்சிலேயே கேட்க வேண்டும்.

முடிவு சரியாக வந்தாலும் பாதை முடிவதில்லை. டிராஸ்டுசுமாப் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம். இடையிடையே இதயப் பரிசோதனை. மஸ்கெலியாவிலிருந்து விடியுமுன் பஸ் ஏறும் பெண்ணுக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், இல்லை. ஊசியையும் இதயப் பரிசோதனையையும் ஒரே நாளில் வைக்க முடிந்த இடத்திலெல்லாம் வைக்க வேண்டும் என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன். மரபணு என்று பேசும்போது வாயையும் மறந்துவிடக் கூடாது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் நம் ஆட்களுக்கு, இப்போதைக்கு எந்த மரபணுச் சோதனையையும்விட, வெள்ளைப் படையையும் ஆறாத புண்ணையும் வெளிச்சத்தில் ஒருவர் பார்ப்பதுதான் பெரிய உதவி.

ஊருக்குப் போனால் என்னிடம் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அதிலுள்ள பயொப்சி (திசுச் சோதனை) இலக்கத்தைக் காட்டி, இதைப் பத்திரமாக வையுங்கள் என்பேன். மெழுகில் பதித்த திசு ஆய்வுகூட அலுமாரியில் வருடக்கணக்கில் இருக்கும். நாளைக்குப் புது மருந்தோ புதுச் சோதனையோ வந்தால், அந்த இலக்கத்தை வைத்து அதே கட்டியை எடுத்து மறுபடி சோதிக்கலாம். பல நேரம் புதிதாக வெட்டியெடுக்கத் தேவைப்படாது. அதனால் ஒரு பிரதி எடுத்து, பிறப்புச் சான்றிதழும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காகிதங்களும் இருக்கிற அதே பெட்டியில் போட்டுவையுங்கள்.