ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்கும் முன்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கினால் எங்கள் மன்னார்குடிப் பக்கம் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும். அடங்கல், சிட்டா, பாஸ்புக் நகல் என்று ஊரில் உள்ள பென் டிரைவ் அத்தனையும் அதில்தான் வந்து விழும். அந்த நேரம் பார்த்து மெஷின் படுத்துக்கொள்ளும், உடனே "தம்பி, விலை கம்மியா, ஸ்லோ ஆகாத மாதிரி ஒரு ஆன்டிவைரஸ் சொல்லேன்" என்று எனக்கு போன் வரும்.

வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் என் பதில் ஒன்றுதான், எதுவும் வாங்காதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது, பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். சும்மா வருவது எப்படி நன்றாக இருக்கும் என்று சந்தேகப்படுபவர்கள், ஆன்டிவைரஸ்களைச் சோதித்து முடிவைச் சொல்லும் ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரிட்டிவ்ஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் தளங்களைப் பாருங்கள். வைரஸைப் பிடிக்கிறதா என்பது ஒரு சோதனை, ஃபைல் காப்பி செய்யும்போதும் சாஃப்ட்வேர் போடும்போதும் மெஷினை எவ்வளவு இழுக்கிறது என்பது தனிச் சோதனை. நமக்கு வேண்டியது இரண்டாவதும்தான், கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

ஸ்லோ ஆவதற்கு ஆன்டிவைரஸ் மட்டும் காரணமில்லை. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் அதுவும் ஒரு முறை படித்துப் பார்க்கும், பழைய ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ராமும் இருக்கிற மெஷினில் எதைப் போட்டாலும் திணறத்தான் செய்யும். சந்தாவுக்கு வைத்திருக்கும் காசை பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான ஒரு எஸ்எஸ்டிக்குப் போடுங்கள், வித்தியாசம் பவர் பட்டனை அழுத்தியதுமே தெரியும். அப்புறம், லேப்டாப்போடு வந்த ட்ரையல் முடிந்தும் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றைப் போடுவது. ஒரே மடையில் இரண்டு பேர் மண்வெட்டியோடு நிற்கிற கதைதான் அது. பழையதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத்தான் அடுத்தது.

இலவசமாகக் கிடைக்கும் மற்றவற்றில் கொஞ்சம் யோசனை வேண்டும். பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக, இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் சொன்னது.

கடை வைத்திருப்பவர்கள் கதை வேறு. பென் டிரைவைச் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கும், மூலையில் அந்தச் சின்ன அம்புக்குறியோடு. "ஐயோ, பட்டா நகல் எல்லாம் போச்சே" என்று கேட்டதும் சிலர் ஃபார்மேட் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள்! அசல் ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும், வைரஸ் அவற்றை மறைத்து வைத்திருக்கும், சில வகை பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். அந்த ஷார்ட்கட்டை மட்டும் கிளிக் செய்யக் கூடாது, செய்தால் வைரஸ் உங்கள் மெஷினுக்கும் வந்துவிடும். டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் ஓட்டினாலும் வழக்கமான செட்டிங்கில் பென் டிரைவைச் சேர்க்காது, ரைட் கிளிக் செய்து தனியாக ஸ்கேன் கொடுக்க வேண்டும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால் செருகியதுமே தானாக ஸ்கேன் செய்யும் ஒன்றைக் கடைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கலாம். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டிலும் அந்த வசதி உண்டு. முதலில் ட்ரையல் போட்டு, ஸ்கேனரும் பிரிண்டரும் ஓடும்போது உங்கள் மெஷின் தாங்குகிறதா என்று பாருங்கள்.

விலை கேட்கும்போது முதல் வருஷ விலையை மட்டும் கேட்காதீர்கள். தள்ளுபடி எல்லாம் அந்த வருஷத்தோடு சரி, ரின்யூவல் என்ன விலை என்று பார்த்து, ஆட்டோ ரின்யூவல் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

காசு கட்டாமலே ஓட வைக்கும் திருட்டு வழியான க்ராக் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த க்ராக் ஓட வேண்டுமென்றால், இருக்கிற ஆன்டிவைரஸை முதல் வேலையாக ஆஃப் செய்யச் சொல்வார்கள்.