இடது கால் 2015, வலது கால் 2024

2024 ஜூலை 8, திங்கள்

நாளைக் காலை வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை. இடது காலுக்கு 2015இல் செய்துகொண்டபோது, முதுகில் மெல்லிய குழாய் வைத்து எபிடியூரல் முறையில் மருந்து செலுத்தினார்கள். இரண்டு நாள் வலி என்பதே தெரியவில்லை. ஆனால் அறுக்காத காலும் சேர்ந்து மரத்துக் கிடந்தது, இரத்த அழுத்தம் இறங்கியது, மூன்றாம் நாள்தான் தரையில் கால் ஊன்றினேன். இம்முறை நடுத்தொடையில் அல்ட்ராசவுண்ட் பார்த்து மரப்பு ஊசி போடுவார்களாம். இடுப்புக்கு அருகிலேயே போட்டால் என்ன என்று மயக்கவியல் மருத்துவரிடம் கேட்டேன். வலி அடங்கும்தான், ஆனால் முன்தொடைத் தசையும் சேர்ந்து தளர்ந்துவிடுவதால் எழுந்து நிற்கும்போது கால் மடங்கி விழ நேரிடலாம் என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

மாலையிலேயே வாக்கரைப் பிடித்து நான்கு அடி நடந்தேன். முழங்காலின் முன்பக்கம் வலியில்லை. பின்பக்கத்தில் மட்டும் ஆழமாக ஒரு குடைச்சல். தொடையில் போட்ட ஊசி அந்தப் பக்கத்தை எட்டாதாம். அதற்காகத்தான் அறுவையின்போதே மூட்டின் பின்னுறையில் மரப்பு மருந்தைச் செலுத்தியிருக்கிறார்கள். “வலி பத்துக்கு எத்தனை?” என்று செவிலியர் கேட்டபோது, படுத்திருந்தால் 2, நின்றால் 6 என்று இரண்டையும் சொன்னேன். 2015இல் படுத்திருந்த கணக்கை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். நடக்கத்தானே அறுவை செய்துகொள்கிறோம்?

ஜூலை 10, புதன்

நேற்றிரவு பத்து மணிக்கு, வலியே இல்லையே என்று மாத்திரையை மறுத்தது என் அசட்டுத்தனம். இரண்டு மணிக்கு மரப்பு விட்டது. கட்டுக்குள் யாரோ திருகாணி முடுக்குவதுபோல் இருந்தது. டிராமடால் ஏற்றியபின் வலி குறைந்தது, ஆனால் இருமுறை வாந்தி. இனி, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்து எனக்கு 1 கிராம் பாராசிட்டமால் தருவார்கள். நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. எதிர்க்கட்டில் அம்மாவுக்குக் கொடுக்கும் வீக்கம் குறைக்கும் மாத்திரை எனக்கு இல்லை. சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியேட்டினின் என் இரத்தத்தில் சற்றுக் கூடியிருப்பதால் சிறுநீரகத்தை எண்ணித் தவிர்த்துவிட்டார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. துண்டில் சுற்றிய ஐஸ் பையைப் பதினைந்து நிமிடம் வைத்தால், அடுத்த ஒரு மணி நேரம் நன்றாகப் போகிறது. இவர் பாசத்தோடு முழங்காலுக்கடியில் தலையணை வைத்துவிடுகிறார். சுகமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படியே பழகினால் கால் முழுதாக நீளாது என்று பிசியோதெரபிஸ்ட் அதை உருவிக் குதிகாலுக்கடியில் வைத்தார். தொடை சுண்டி இழுத்தது. காலை மடக்கும் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக மாத்திரை விழுங்கிய நாளுக்கும் மறந்த நாளுக்கும் உள்ள வேறுபாடு, கோணமானியிலேயே பத்து பாகை தெரிந்தது.

ஜூலை 23, செவ்வாய்

தையல் பிரித்தார்கள். கால் 95 பாகை மடங்குகிறது. 2015இல் இதே நாளில் 80தான். ஊசி ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், முதல் நாளே நடந்ததற்கும் பங்குண்டு. ஆனால் அன்று எபிடியூரலோடு நடந்திருக்க முடியாது. வலியே தெரியாமல் படுத்திருந்த அந்த இரண்டு நாளைவிட, 6 என்று சொல்லிக்கொண்டு நடந்த இந்த நாளையே நான் தேர்ந்தெடுப்பேன். இரவு வலி மட்டும் இன்னும் விடவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறது.