மச்சாபே காட்டு வழியில் எக்கோ கிளி

மொரீஷியஸில் இறங்கிய அன்றே, விடுதிக்கு எதிரே இருந்த மின்கம்பியில் செந்தார்ப் பைங்கிளிகள் வரிசையாக அமர்ந்திருந்ததைக் கண்டேன். இந்தியாவில் நாம் அன்றாடம் காணும் அதே கிளிகள்தாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்ப்புப் பறவைகளாக இத்தீவுக்கு வந்து, தப்பிப் பெருகியவற்றின் வழித்தோன்றல்கள். நான் தேடி வந்ததோ அவற்றின் நெருங்கிய உறவான எக்கோ கிளியை. இன்று மொரீஷியஸ் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழவில்லை; அண்டைத் தீவான ரீயூனியனில் இருந்த கிளையினம் எப்போதோ அழிந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் பிளாக் ரிவர் ஜார்ஜஸ் தேசியப் பூங்காவின் பெட்ரின் நுழைவாயிலிலிருந்து மச்சாபே பாதையில் நடக்கத் தொடங்கினேன். கண்ணுக்கு முன் காதுக்குத்தான் கிளி அகப்பட்டது. செந்தார்க் கிளியின் கூரிய கீச்சொலியாக இல்லாமல், தாழ்ந்து கரகரத்த குரலாக அது இருந்தது. சற்று நேரத்தில் ஒரு இணை வந்து அமர்ந்தது. உடல் தடித்து, வால் குட்டையாக, பச்சை இன்னும் அடர்ந்து தெரிந்தாலும், என் ஐயத்தைத் தீர்த்தது அலகுதான். செந்தார்க் கிளியில் ஆண், பெண் இரண்டுக்கும் மேலலகு சிவப்பு. எக்கோவில் ஆணுக்கு மட்டுமே சிவப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. அந்தக் கறுத்த அலகை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன், ஏனெனில் 1980-களில் பத்துப் பறவைகள் அளவே அறியப்பட்டிருந்த இந்த இனத்தில் பெண்கள் மூன்றே மூன்றுதான்.

செந்தார்க் கிளி தோட்டத்திலும் ஊருக்குள்ளும் பிழைத்துக்கொள்ளும். எக்கோவுக்கோ நாட்டு மரங்களின் பழமும் இலையும் பழைய மரப்பொந்தும் வேண்டும். காடு அழிந்து, எஞ்சியதிலும் சீனக் கொய்யா புதராக மண்டி, எலியும் குரங்கும் கூடுகளைச் சூறையாடியபோது அதற்குப் போக்கிடம் இல்லாமற்போனது. உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளையினரும் கூடுகளைக் காவல் காத்து, பிழைக்க வாய்ப்பில்லாத குஞ்சுகளை எடுத்துக் கையால் வளர்த்து, காட்டில் விட்டனர். கூட்டுப் பெட்டியையும் தீவனப் பெட்டியையும் பயன்படுத்த அந்தக் கிளிகளுக்குக் கற்றுக்கொடுத்தனர். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை வகைப்படுத்தும் உலகச் சிவப்புப் பட்டியலில், 2007-இல் 'மிக அருகிய இனம்' என்ற நிலையிலிருந்து 'அருகிய இனம்' ஆகவும், 2019-இல் 'அழிவாய்ப்பு இனம்' ஆகவும் அது படிப்படியாக மீண்டது. செந்தார்க் கிளியோ கவலை குறைந்த இனமாகவே அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இந்த மீட்சியை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அது இன்னும் மனிதரின் துணையோடுதான் நிற்கிறது. 2000-களின் நடுவில் கிளிகளின் அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸ் நோய் எக்கோ கிளிகளிடையே பரவியது. அதே வைரஸ் தீவின் செந்தார்க் கிளிகளிடமும் உண்டு. உறவு நெருக்கமாக இருப்பதே இங்கு ஆபத்தாகிறது.

நண்பகலில் பெட்ரினுக்குத் திரும்பியபோது, வாகனங்கள் நிற்கும் இடத்தை ஒட்டிய மரத்திலிருந்து கூரிய கீச்சொலி கேட்டது. செந்தார்க் கிளிதான். காலையில் அந்த இணை வந்து அமர்ந்த மரம் அங்கிருந்து சிறிது நடைத் தொலைவிலேயே இருந்தது.