கல்பாத்தி அக்ரஹார வீடு: ஓடு முடிந்தது, சுவர் பாதியில்

கல்பாத்தி இருக்கும் பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்த காலத்தில், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே மாடி ஏற்றிய வீடு இது. இப்போது இதைப் பழுதுபார்த்து வருகிறோம். கீழே திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்ற பழைய வரிசை அப்படியே இருக்கிறது. மாடியில்தான் புதுமை: தேக்கு உத்தரத்துக்குப் பதில் இரும்பு கர்டர். துருவைச் சுரண்டினால் ‘டார்மன் லாங்’ என்று கம்பெனியின் பெயர் தெரியும். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் உருட்டிய இரும்பு. சுவருக்குள் புதைந்த கர்டர் முனையை முதலில் திறந்து பார்க்க வேண்டும். அங்கே துரு பருத்தால் சுவர் விரியும்.

ஓட்டின் அடி முத்திரையை வைத்து வீட்டுக்கு வயது சொல்லக் கூடாது. கிறிஸ்தவ மிஷனரி அமைப்பான பாசல் மிஷனின் ஓட்டு ஆலைகள் முதல் உலகப் போரை ஒட்டி காமன்வெல்த் கம்பெனியின் கைக்குப் போயின. அதனால் முத்திரை ஓட்டின் காலத்தைச் சொல்லும். ஆனால் ஓடு கூரை விட்டுக் கூரை மாறும். இங்கே இரண்டு முத்திரை ஓடும் கலந்தே கிடந்தன. ஒரு ஆலை ஓட்டின் காடி (ஓடுகள் கோத்துக்கொள்ளும் பள்ளம்) இன்னொன்றில் சரியாக உட்காராது, அந்த இடுக்கில்தான் ஒழுகும். முத்திரைவாரியாகப் பிரித்து, ஒரு சரிவுக்கு ஒரே ஆலை ஓடு என்று போட்டோம். 100 சதுர அடிக்குச் சுமார் 150 ஓடு பிடிக்கும். ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) இடைவெளிக்கு, பத்து ஓட்டைத் தரையில் கோத்து, இழுத்து ஒரு அளவு, நெருக்கி ஒரு அளவு எடுத்து, ஒரு ஓட்டுக்கு வரும் சராசரியை வைத்தால் போதும். இறவாரத்தின் கடைசி இரண்டு வரிசையைச் செம்புக் கம்பியால் கட்டியாயிற்று. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓட்டைத் தூக்கிவிடும்.

சுவர்தான் பெரிய வேலை. வெட்டுக்கல்லும் (செம்பாறைக் கல்) சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். பிற்காலத்தில் யாரோ கீழ் மூன்றடிக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். வழி அடைபட்ட ஈரம் அதற்கு மேலே ஏறி உப்பாகப் பூத்திருக்கிறது. (கோயம்புத்தூர் பக்கத்து மதுக்கரை சிமெண்ட் ஆலை 1934-இல் வந்தபின் சிமெண்ட் கைக்கெட்டும் பொருளாகிவிட்டது, யாரைக் குறை சொல்ல?) எது சிமெண்ட் என்று அறிய ஆசிட் ஊற்றுவதில் பயனில்லை, பழைய சிமெண்டும் நுரைக்கும். ஆணியால் கீறுங்கள்: சுண்ணாம்பு பொடியாகும், வெள்ளைக் கட்டிகள் தெரியும். சிமெண்டைக் கிரைண்டரால் ஓரடிச் சதுரமாக அறுத்து உளியால் நெம்பலாம். பிரேக்கர் (அதிர்ந்து உடைக்கும் மின்கருவி) வேண்டாம், அக்ரஹாரத்தில் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. உரித்த சுவரை ஒரு கோடை முழுக்கத் திறந்தே விட வேண்டும்.

சுண்ணாம்பு நீற்றும்போது தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சுட்ட சுண்ணாம்புக் கல். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். ஒரு மாதமாவது ஊறட்டும். அரைகுறையாக நீறினது பூச்சுக்குள் பிறகு பொரிந்து குழி விழும். முதல் பூச்சு சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் பொடி) 1, மணல் 2, கனம் 12 மி.மீ. இரண்டாவது சுண்ணாம்பு 1, மணல் 3, கனம் 6 மி.மீ. நடுவே ஒரு வாரம். 20 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கடுக்காய் ஊறவைத்து, ஒரு கிலோ கருப்பட்டி கரைத்துக் கலவையில் சேர்த்தோம். கருப்பட்டி கூடினால் இறுகாமல் கிடக்கும், எறும்பும் மொய்க்கும்.

மார்கழி, தை மாதங்களில் கிழக்கே இருந்து வரும் வறண்ட காற்றில் பூச்சு ஒரே நாளில் காய்ந்து வெடிக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து இறுக வேண்டிய சுண்ணாம்புக்கு ஈரமும் வேண்டும். நனைத்த சாக்குத் திரை கட்டி, மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரப்பலகை) மறுநாளும் ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் மயிரிழை வெடிப்பு மூடிக்கொள்ளும். கூடம் இப்படி முடிந்தது. அடுக்களைப் பக்கச் சுவர் இன்னும் உலரவில்லை. பூச்சுக்கு மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் பெயிண்ட் கிடையாது.

சிவப்புத் தரை கடைசி. சிவப்பு ஆக்சைடு (நிறப்பொடி) 1, சிமெண்ட் 3 என்று மொத்தத் தரைக்கும் வேண்டிய பொடியை உலர்வாக ஒரே தடவையில் கலந்து சலித்து வைத்தாயிற்று. இரண்டாம் கலவையின் நிறம் முதலோடு சேராது.