கிளையன்ட் பணம் தராவிட்டால் நான் ஏன் காத்திருக்க வேண்டும்?

"கிளையன்ட் இன்னும் பேமென்ட் ரிலீஸ் பண்ணல சார், வந்ததும் போட்டுடுறோம்." சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் வேலை செய்கிற யாரிடம் கேட்டாலும் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். டைம்ஷீட்டை மேனேஜர் எப்போதோ அப்ரூவ் செய்திருப்பார், வேலையும் முடிந்து லைவ்வில் ஓடிக்கொண்டிருக்கும், பணம் மட்டும் வராது.

ஏஜென்சி கமிஷன் எடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆள் தேடுகிறார்கள், பேப்பர் வேலை பார்க்கிறார்கள், எடுக்கட்டும். ஆனால் கிளையன்ட் தாமதிக்கும்போது நடுவில் நின்று தாங்குவதற்கும் சேர்த்துத்தானே அந்தக் கமிஷன்? லாபம் அவர்களுக்கு, காத்திருப்பு முழுக்க எனக்கு என்றால் அது எந்த வகையில் நியாயம்?

தொல்லை முதல் போனிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஒரே வேலைக்கு நாலு ஏஜென்சியிலிருந்து கூப்பிடுவார்கள், கம்பெனி பெயர் கேட்டால் சொல்லமாட்டார்கள், கரண்ட் சிடிசி (நிறுவனம் நமக்காகச் செலவிடும் மொத்த வருடத் தொகை) என்ன, எப்போது சேரமுடியும் என்று மட்டும் கேட்பார்கள். நம்மிடம் கேட்காமலேயே இரண்டு பேர் ரெஸ்யூமை அனுப்பிவிட்டால் "டூப்ளிகேட் புரொஃபைல்" என்று கிளையன்ட் ஒதுக்கிவிடுவதும் உண்டு. யாரோ இருவர் போட்ட போட்டியில் வேலையை இழப்பது நாம்தான். இன்டர்வியூ முடிந்தபின் அதே ரெக்ரூட்டருக்குப் போன் செய்தால் எடுக்கமாட்டார். ஆகவில்லை என்று ஒரு வரி அனுப்பினால்கூடப் போதும், அதுவும் வராது.

அப்புறம் அடுக்குகள். பெரிய நிறுவனத்தின் வென்டர் பட்டியலில், அதாவது ஆள் தருவோர் பட்டியலில் இருக்கும் ஏஜென்சி, ஆள் கிடைக்காதபோது கீழே ஒரு சின்ன கன்சல்டன்சியிடம் கேட்கும், அது இன்னொன்றிடம் கேட்கும். ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மேலே இருப்பவர் தந்தால்தான் கீழே தருவேன் என்கிறார்கள். கிளையன்ட் எனக்காக எவ்வளவு தருகிறார் என்பதை நான் கேட்கவே கூடாதாம்.

ஏஜென்சி பேரோலில் இருப்பவர்களுக்கு இன்னொரு வலி, பிஎஃப். நிறுவனம் போடவேண்டிய பங்கையும் நம் சிடிசிக்குள்ளேயே காட்டியிருப்பார்கள். அதைப் பிடித்த பிறகாவது அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். பேஸ்லிப்பில் பிடித்தம் இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள், அரசாங்கத்தின் உமங் ஆப்பில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் பாருங்கள். தன் ஆட்களுக்கு கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கும் நிறுவனமே தந்தாக வேண்டும் என்று 1970ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள், 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் கிளையன்ட் ஹெச்ஆரிடம் போய்க் கேட்டால் "உங்க வென்டர்கிட்ட பேசுங்க" என்பதுதான் பதில்.

பேரோலில் இல்லாமல் என்னைப்போல் ஏஜென்சிக்கு இன்வாய்ஸ் போட்டுப் பணம் வாங்குபவர்கள் நிலைமை இன்னும் மோசம். வருட வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஒரு லட்சத்துக்கு இன்வாய்ஸ் போட்டால் 18,000 ரூபாய் வரி, மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவராக இருந்தால் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். ஏஜென்சி பணம் தந்ததா இல்லையா என்று அரசாங்கம் பார்ப்பதில்லை. தொண்ணூறு நாள் கழித்து வரப்போகும் பணத்துக்கு, அதுவும் வருமா என்றே தெரியாத பணத்துக்கு, வீட்டு வாடகைக்கு வைத்திருந்ததை எடுத்து வரி கட்டியிருக்கிறேன். வீட்டில் இதை விளக்கிச் சொல்லக்கூட முடியவில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாததால் விரிவாகச் சொல்கிறேன். சிறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசாங்கத்தின் உத்யம் தளத்தில் ஆதாரை வைத்து இலவசமாகப் பதிந்துகொள்ளுங்கள், நடுவில் காசு கேட்கும் ஆட்களிடம் போகவேண்டாம். சாப்ட்வேர் சேவை செய்யும் தனிநபரும் குறுநிறுவனமாகப் பதியலாம். 2006ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, அக்ரிமென்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும். எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் கொடுக்கத் தனி கவுன்சிலும் இருக்கிறது. இது மட்டுமல்ல, 2023-24 நிதியாண்டிலிருந்து, காலக்கெடுவைத் தாண்டிப் பாக்கி வைத்த தொகையை அந்த வருடச் செலவாக ஏஜென்சிக்காரர்கள் வருமான வரியில் காட்டமுடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். அதனால் மார்ச் நெருங்கும்போது அவர்களுடைய ஆடிட்டரே கேள்வி கேட்க ஆரம்பிப்பார். உத்யம் பதிவு எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் மேலேயே போடுங்கள்.

இப்போது யார் கூப்பிட்டாலும் ரெஸ்யூம் அனுப்புவதற்கு முன் மூன்று விஷயம் மெயிலில் கேட்கிறேன்: கிளையன்ட் யார், நடுவில் எத்தனை வென்டர், கிளையன்ட் தராவிட்டாலும் எத்தனையாவது நாளில் எனக்குப் பணம் வரும். பாதிப்பேர் அதோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பதில் எழுதுபவர்களோடு மட்டும்தான் வேலை செய்கிறேன்.