ஒத்து ஊதிய பெரியப்பாவும் நியூ ஆர்லியன்ஸ் பெரியவர்களும்

போன ஐப்பசியில் அடைமழை பெய்த ஒரு ராத்திரி. கரண்ட் போய்விட்டது, பெரியப்பா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். என் போனில் இறக்கி வைத்திருந்த, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் ஊரைச் சேர்ந்த பிரசர்வேஷன் ஹால் ஜாஸ் பேண்டின் பழைய பதிவு ஒன்றைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி அவர் பக்கத்தில் வைத்தேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆடுதுறைப் பக்கத்துக் கோயில்களில் முப்பது வருஷத்துக்கு மேல் நாதஸ்வர செட்டில் சுருதிக் குழலான ஒத்து ஊதியவர். ஜாஸ் என்ற பேரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். இரண்டு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “கிளாரினெட் யாருடா? மேல போயிப் போயிச் சுத்துறான், ஆனா பாட்டுக்காரனை மிதிக்கவே இல்ல பாரு” என்றார்.

நான் பத்து வருஷமாக அந்த பேண்டைக் கேட்டு வருகிறேன், இதை இவ்வளவு சரியாக எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. நியூ ஆர்லியன்ஸின் பழைய பாணியில் டிரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும், கிளாரினெட் அதற்கு மேலே கொடி மாதிரி படரும், டிரம்போன் கீழே இருந்து இழுத்து இழுத்துத் தாங்கும். மூன்று பேருமே அந்த நேரத்தில் மனசில் தோன்றுவதைத்தான் வாசிக்கிறார்கள், அதுவும் ஒரே சமயத்தில். ஒருவர் காதை மூடிக்கொண்டு தன்பாட்டுக்கு வாசித்தால் மொத்தமும் சந்தைக்கடை ஆகிவிடும்.

கிளாரினெட் என்றதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அது நமக்குப் புது வாத்தியம் இல்லை. சரபோஜி மன்னர் காலத்திலேயே தஞ்சாவூர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு இருந்தது, பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரிக்குக் கிளாரினெட்டைக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்று சொல்வார்கள். ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டைப் பெரியப்பா ராத்திரி முழுக்க விழித்திருந்து கேட்டிருக்கிறார்.

சரி, அந்த ஹாலுக்கு வருகிறேன். நியூ ஆர்லியன்ஸில் பிரெஞ்சு குவார்ட்டர் என்ற பழைய பகுதியில், செயின்ட் பீட்டர் தெருவில் 726ஆம் எண் கட்டடம். 1950களில் அங்கே லாரி போரன்ஸ்டைன் என்பவர் ஓவியக் கடை வைத்திருந்தார். கடையை விட்டுப் போய்ப் பாட்டுக் கேட்க முடியவில்லையே என்று பழைய வித்வான்களைக் கடைக்கே வரவழைத்து வாசிக்கச் சொன்னார். 1961இல் ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி என்ற இளம் தம்பதி பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். ஆலன் டியூபா வாசிப்பவர். இன்று வரை அங்கே கச்சேரி நடக்கிறது, அவர்களுடைய மகன் பென் இப்போது பேண்டோடு வாசிக்கிறார். மைக் கிடையாது, சாராயம் விற்பதில்லை. தரையிலும் பெஞ்சிலும் உட்கார இடம் கிடைக்காதவர்கள் பின்னால் நின்று கேட்பார்கள். ஆரம்பத்தில் டிக்கெட்கூட இல்லை, கூடையை நீட்டுவார்கள், முடிந்ததைப் போடலாம். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காரக் கூடாது என்று சட்டமே இருந்த, அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து ஊர் அது. அந்தக் காலத்தில் அங்கே ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள், போலீஸ் தொந்தரவையும் பார்த்தார்கள்.

அங்கே உட்கார்ந்து வாசித்தவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியம். அப்போதே கிழவர்கள். ஊரில் புதுப் பாட்டு வந்து இவர்களை ஓரம் கட்டி ரொம்ப நாள் ஆகியிருந்தது. கிளாரினெட் ஜார்ஜ் லூயிஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். டிரம்பெட் பெர்சி ஹம்ஃப்ரி இன்சூரன்ஸ் பிடித்தார், பாஞ்சோ நார்வின் கிம்பல் தபால்காரர். பெர்சியின் அண்ணன் வில்லி கிளாரினெட். இவர்களுடைய தாத்தா ஊர் ஊராகத் தோட்டங்களுக்குப் போய் உழைப்பாளிகளுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுத்து பேண்டு சேர்த்தவர். இதைப் படித்தபோது, காலையில் ஓர் ஊர், சாயந்திரம் ஓர் ஊர் என்று சைக்கிளில் பாடம் எடுக்கப் போன நம் பக்கத்து வாத்தியார்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பியானோவில் எம்மா பாரெட் என்ற அம்மாள். காலில் சின்ன மணிகளைக் கட்டிக்கொண்டு, தாளம் தட்டும்போது அது சலசலக்க வாசிப்பார். 1967இல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கையால் மட்டும் வாசித்தார், 1983இல் கண்ணை மூடும் வரைக்கும் வாசிப்பை விடவில்லை. பியானோவில் இடது கைதான் அடித்தளம், நம் தவிலில் இடது பக்கமான தொப்பி போல. அது இல்லாமல் ஒருவர் வாசிக்கிறார் என்றால், மிச்சப் பேர் அந்த இடத்தைத் தாங்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

இவர்களுக்கு முன்னால் பங்க் ஜான்சன் என்ற டிரம்பெட்காரரின் கதை உண்டு. அவர் இந்த ஹாலைப் பார்க்கவில்லை, 1949இலேயே போய்விட்டார். ஆனால் பழைய பாணியை மறுபடி கேட்கலாம் என்ற ஆசை ஜனங்களுக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பல் போய், வாத்தியமும் இல்லாமல், லூசியானாவில் வயல் வேலையும் லாரி வேலையும் செய்துகொண்டிருந்தவரைத் தேடிக் கண்டுபிடித்து, பல் செட் கட்டி, டிரம்பெட் வாங்கிக் கொடுத்து 1942இல் பதிவு செய்தார்கள். இதைப் பெரியப்பாவிடம் சொன்னதும் தன் கீழ்த் தாடையைத் தடவிக்கொண்டார். “பல்லுப் போனா சொல்லுப் போச்சும்பாங்க, எங்களுக்குச் சீவாளியே போச்சு.” சீவாளி என்றால் நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு.

பிரசர்வேஷன் என்றால் பாதுகாத்தல். பேரைக் கேட்கிறவர்கள், ஹால்காரர்கள் பாட்டைப் பாதுகாத்தார்கள் என்று நினைப்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் பாதுகாத்தது உட்காரும் இடத்தை. ராத்திரி இந்த நேரம், இந்த நாற்காலி, இவ்வளவு கூலி என்று ஒரு கிழவருக்குத் தெரிந்தால் அவர் பகலில் வாத்தியத்தை எடுத்துத் துடைப்பார், பேரனை உட்கார வைத்து இரண்டு வரி சொல்லிக்கொடுப்பார். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும். எத்தனை பொன்னாடை போர்த்தினாலும் அந்த நாற்காலி இல்லை என்றால் வராது.

நம்மிடம் இது இருந்தது, நன்றாகவே இருந்தது. கோயிலில் ஊழிய மானியம் என்று நிலம் விட்டிருந்தார்கள். விடியற்காலையில் பூபாளம், சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறையில் நீலாம்பரி என்று வேளைக்கு வேளை வாசிப்பு. அந்த ஏற்பாடு இருந்ததால்தான் இரண்டு காவேரி வாய்க்காலுக்கு நடுவே இத்தனை வித்வான்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, திருவீழிமிழலை சகோதரர்கள், தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரத்தின் குழலான உலவு கடைந்தார்கள். அந்த நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் வாங்கிப் போகிறவர் அதை எங்கே உட்கார்ந்து வாசிப்பார் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

எங்கள் ஊர்க் கோயிலில் சாயரட்சைக்கு இப்போது சுவிட்ச் போட்டால் மோட்டார் சுற்றும், மணியும் மேளமும் தானாக அடிக்கும். குருக்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆள் வைக்க அவரிடம் என்ன இருக்கிறது? போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பின்போது கரகரப்ரியா ஆலாபனை ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, டிஜே காத்திருக்கிறார் என்று ஒரு பையன் வந்து செட்டை நிறுத்தினான். வித்வான் சீவாளியைக் கழற்றித் துணியில் துடைத்தார், யாரையும் பார்க்கவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரியப்பாவின் இடம் இதற்கெல்லாம் முன்னாலேயே போய்விட்டது. ஒத்து என்றால் நாதஸ்வரம் மாதிரியே நீளமான குழல், சுருதி மட்டும்தான் வரும். மூச்சு அறாமல் மணிக்கணக்கில் பிடிக்க வேண்டும், மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னத்தில் இருக்கிற காற்றை வெளியே விட வேண்டும். கையடக்கமாக எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி வந்தது, ஒரு ஆள் கூலி மிச்சம் என்று செட்டிலிருந்து முதலில் நிறுத்தப்பட்டவர் ஒத்துக்காரர்தான். யாருக்காவது ஆமாம் சாமி போட்டால் ஒத்து ஊதுகிறான் என்று சொல்கிறோம் இல்லையா, அந்தப் பேச்சை நான் சின்ன வயசிலேயே விட்டுவிட்டேன். அவர் கன்னம் உப்பி, கண் சிவந்து, நாலு வீதியும் நடந்து வந்ததைப் பார்த்தவன் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸும் நம்மைப் போலவே ஆறு கடலில் கலக்கும் மண், அங்கே மிசிசிப்பி. 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் வந்து கரை உடைந்து ஊரில் பெரும்பகுதி முழுகியது. பிரெஞ்சு குவார்ட்டர் மேட்டில் இருந்ததால் ஹால் தப்பியது, ஆனால் வாசிக்கிறவர்கள் வீடு இழந்து திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். தபால்காரர் கிம்பல் ஊரை விட்டுப் போன இடத்திலேயே அடுத்த வருஷம் 97 வயதில் காலமானார். பேண்டு வெளியூர்களில் வாசித்து வாசித்துத்தான் பிழைத்து நின்றது. 2018இல் கஜா அடித்துத் தென்னையெல்லாம் வேதாரண்யம் பக்கம் வேரோடு சாய்ந்து கிடந்த வாரத்தில், அங்கே வாத்தியம் வைத்திருந்த வீடுகளைப் பற்றித்தான் பெரியப்பா விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த மழை ராத்திரிக்கு அப்புறம் அண்ணன் தம்பிகள் நாலு பேர் பேசி, மாசாமாசம் ஆளுக்கு ஒரு தொகை போட்டு, வெள்ளிக்கிழமை சாயரட்சைக்கு ஒரு நாதஸ்வரம், ஒரு தவில் ஏற்பாடு செய்திருக்கிறோம். மூன்று வாரம் நடந்தது. மண்டபத்தில் கேட்க வந்தது பதினைந்து பேர் இருக்கும். சுருதிக்கு வித்வான் போனை ஒலிக்கவிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பெரியப்பா முதல் வாரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் பரணில் ஏறச் சொன்னார். வேட்டியில் சுற்றின ஒத்து அப்படியே இருந்தது, சீவாளியைச் செருகும் உலோகக் கெண்டை கொஞ்சம் கறுத்திருக்கிறது, சீவாளி மட்டும் காய்ந்து வாயோரம் பிளந்துவிட்டது. திருவாவடுதுறையில் சொல்லியிருக்கிறோம். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.