கார்த்திகை மழை, 1100 பாகை

டிசெம்பர் 2
அம்மாவுக்குக் காய்ச்சல் 39.4. மழை விடேல்லை.

டிசெம்பர் 3
லாப் கூட்டாளி விகார வளைவை, கம்பி எவ்வளவு நீண்டிருக்கெண்டு காட்டிற கோட்டை, அனுப்பியிருக்கிறான். கோடு இன்னும் நேராத்தான் போகுது. 1100 பாகை, 137 மெகாபஸ்கல் இழுவை. என்ரை சோதனைக் கம்பி உலைக்கை அறுந்துபோகாமல் தொங்குது, சந்தோசப்பட வேணும். ஆனா அந்தக் கோட்டைப் பாத்தால் எனக்கு ஒரே யோசினைதான். உண்மையிலை 1100 தானோ? உலைச் சூட்டை அளக்கிற தெர்மோகப்பிளைக் கடைசியா ஆர் சரிபாத்தது? அதின்ரை பிளாட்டினம்-ரோடியம் கம்பி சூட்டிலை கிடந்து கிடந்து குறைச்சுச் சொல்லத் தொடங்கும். அது குறைச்சுச் சொன்னால் உலை கூட்டி எரிக்கும். பனடோல் மட்டையின்ரை பின்பக்கத்திலை சூடு கூடினால் ஆயுள் எவ்வளவு குறையுமெண்டு சொல்லிற லார்சன்-மில்லர் கணக்கைப் போட்டுப் பாத்தன், மாறிலி 20 எண்டு வைச்சு. 1100 இலை 1000 மணித்தியாலம் தாங்கிறது 1120 இலை 467 தான். வெறும் 20 பாகை!

அப்பா மூண்டாவது தெர்மோமீட்டர் வாங்கிக்கொண்டு வந்திட்டார். மூண்டும் மூண்டு சொல்லுது.

டிசெம்பர் 4
டெங்கு. ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் 1,12,000. வாட்டிலை மறிச்சுப் போட்டினம்.

டிசெம்பர் 5
வெளி வாங்கிலை ஒரு ஐயா. மனுசி உள்ளுக்கை. ஊர் சுன்னாகம். "தம்பி வெளிநாட்டிலை என்ன படிக்கிறீர்?" எண்டார். விமான எஞ்சினுக்கை சுத்திற அலகு, பிளேட், செய்யிற உலோகம் எண்டன். வழமையா இதோடை கதை முடிஞ்சிடும். மனுசன் விடேல்லை. எப்பிடிச் செய்யிறது எண்டு கேட்டார்.

சொன்னன். முதல் மெழுகிலை அலகு. அதின்மேலை களிக்கூழ் பூசி, மண் தூவி, காயவிட்டு, திரும்பத் திரும்ப. பிறகு மெழுகை உருக்கி எடுக்கிறது. "குத்துவிளக்கு வாக்கிற மாதிரியோ?" எண்டார். அதேதான் ஐயா, ஆனா வெற்றிடத்துக்கை. அதுக்குப் பிறகுதான் வித்தை. உருகின உலோகம் ஊத்தின அச்சைச் சூட்டு வலயத்திலையிருந்து நிமிசத்துக்குச் சில மில்லிமீற்றராக் கீழை இறக்கிறது. அடியிலை ஒரு சுருள் வழி. அதுக்கை உலோகத்தின்ரை பல பளிங்குகள், கிரிஸ்டல்கள், நுழையும், சுத்தி மேலை வந்து சேருறது ஒண்டு மட்டும். முழு அலகும் அந்த ஒரே பளிங்காய் வளரும். பளிங்கு மணிகளுக்கு இடையிலை இருக்கிற எல்லைதான் சூட்டிலை முதல் விட்டுக்குடுக்கிறது, எல்லையே இல்லாட்டி? 1960களிலை பிராட் அன்ட் விட்னி எண்ட எஞ்சின் கொம்பனியிலை இதைச் செய்து காட்டினவை.

அலகிலை கூட இருக்கிறது நிக்கல், அது 1455 இலை உருகும். எஞ்சினுக்கை வாற வாயு அதைவிடச் சூடு. உள்ளுக்கை காத்துப் போக நுண்ணிய வழிகள் இருக்கிறபடியால்தான் அலகு தப்புது. அந்த வழிகளைத் துளைபோட்டு எடுக்கிறேல்லை. மண்பாண்டக் கருவொண்டை வைச்சு வாத்து, பிறகு காரத்திலை கரைச்செடுக்கிறது.

ஐயா கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப உடையாதோ?"
நீளும் ஐயா. கொஞ்சம் கொஞ்சமா நீண்டு, பிறகு உடையும்.
"எப்ப உடையுமெண்டு தெரியுமோ?"
பதில் சொல்ல முதல் நேர்ஸ் கூப்பிட்டிட்டா.

டிசெம்பர் 6
காய்ச்சல் விட்டிட்டுது. 36.8. பெரியம்மா கோல் எடுத்து, நேர்த்தித் தேங்காயை எப்ப உடைக்கிறது எண்டு கேட்டா. அப்பா சிரிச்சார். டொக்டர் சிரிக்கேல்லை. காய்ச்சல் விட்ட பிறகு வாற 24, 48 மணித்தியாலம்தான் ஆபத்தாம், ரத்தக் குழாய்களாலை நீர் கசியிற நேரம். பிளேட்லெட் 58,000. குடிக்கிறதையும் அளக்கினம், போறதையும் அளக்கினம். தாளை நான் நிரப்பிறன். என்ரை லாப் கொப்பியைவிட ஒழுங்கா இருக்குது.

டிசெம்பர் 7
41,000. பி.சி.வி., ரத்தத்திலை சிவப்பணுக்களின்ரை பங்கு, 38 சதவீதத்திலை இருந்து 46.

சித்தி பப்பாசி இலைச் சாறைச் சோடாப் போத்திலுக்கை ஒளிச்சுக் கொண்டுவந்தவ. நேர்ஸ் பிடிச்சிட்டா. சித்தி என்னை முறைக்கிறா, நான் காட்டிக்குடுத்தனெண்டு. நான் இல்லை.

ரீனியம், ரீனியம். அலகு உலோகத்திலை கலக்கிற அரிய உலோகம். ரெண்டாம் தலைமுறை ஒற்றைப் பளிங்கு உலோகத்துக்கு 3 சதவீதம், மூண்டாம் தலைமுறைக்கு 6. கிரீப்பை, சூட்டிலை மெல்ல மெல்ல நீளிறதை, மறிக்க அதைப் போல ஒண்டும் இல்லை. கூடப் போட்டால் உலோகத்துக்கை ஊசி ஊசியா நொறுங்கிற துணிக்கைகள் முளைக்கும். பூமியோட்டிலை நூறு கோடியிலை ஒரு பங்களவுதான் கிடக்குது. குறைச்சுப்போட்டு அதே ஆயுளைக் காட்டிறன் எண்டு எழுதித்தானே காசு கேட்டனாங்கள். தொங்கிறது அந்தக் கம்பி.

டிசெம்பர் 7, இரவு
கோடு மேலை வளையத் தொடங்கீட்டுதாம், உடையப்போகிற அறிகுறி. சுமையோடையே குளிரவிட்டு, உலோகத்துக்கை இருக்கிற நுண்ணிய கனசதுரங்களெல்லாம் எவ்வளவு தட்டுத் தட்டா ஒட்டியிருக்குதெண்டு பாப்பமோ, இல்லாட்டி உடையுமட்டும் விடுவமோ எண்டு லாப் கூட்டாளி கேக்கிறான். உடனை சொல்லட்டாம்.

டிசெம்பர் 8
22,000.

டிசெம்பர் 9
26,000. ஏறினதோ, எண்ணின மிஷின் ஏத்தினதோ? ரெண்டாந்தரம் எடுக்கச் சொல்லிக் கேட்டன். அப்பாவுக்கு வெக்கமாப் போச்சு.

அம்மா புட்டு கேட்டவ!

உடைய விடு, ஆனா முதல் புதுத் தெர்மோகப்பிளொண்டு வைச்சுப் பார் எண்டு எழுதினன். இப்ப பதில் வந்தது. 1108 பாகை. அப்ப தாண்ட வேண்டியது 1000 மணித்தியாலம் இல்லை, 736. நாங்கள் தாண்டினது அதையோ? பழைய சோதனைகளும் இதே உலையிலைதான் ஓடினது. அதுகளையும் எடுக்க வேணும். பத்து மணிக்கு அடுத்த ரத்தம், நேர்ஸ் வாறா